படே பாபுவின் ஏழாவது விதி

தேவனுடைய மகிமைக்காக எழுதப்பட்ட ஒரு தாளுக்குக் கோப்பு எண் போட்டிருந்ததை என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். போர்ட் பிளேரில் தமிழ்ச் சபையார் ஞாயிறு மத்தியானங்களில் கூடுகிற ஆலயத்தின் பின்னறையில், பாட்டுப்புத்தக அலமாரிக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடுவே, நான்கு மூலைகளிலும் ஆணியடித்து அந்தத் தாள் தொங்கியது. இடப்பக்கம் எண், வலப்பக்கம் தேதி. நடுவில், 'பொருள்: கிறிஸ்தவ எழுத்தாளர்கள் கைக்கொள்ள வேண்டிய நடை மற்றும் இலக்கண விதிகள் தொடர்பாக.' அடியில் கையொப்பம். அதற்கும் அடியில், 'நகல்: போதகர் அவர்களுக்கு, தகவலுக்காக.' கடவுளுக்கு நகல் குறிக்கப்படவில்லை. அவருக்கு முன்னதாகவே தெரிந்திருக்கும் என்று விட்டிருக்கலாம்.

எழுதியவர் எங்கள் அலுவலகத்தின் தலைமை எழுத்தர். இந்தத் தீவுகளில் வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் தமிழரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது இந்தியில் என்பதால், எல்லோருக்கும் அவர் 'படே பாபு', அதாவது பெரிய குமாஸ்தா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஐம்பதுகளில், கப்பலேறினால் திரும்ப முடியாது என்று சொந்தக்காரர்கள் அழுது அனுப்பிய தலைமுறை. மற்றவர்கள் நிலத்துக்காகவும் சம்பளத்துக்காகவும் வந்தார்கள். அவர் கோப்புகளுக்காக வந்தவர் என்று நாங்கள் சொல்லுவோம். ஒரு குறிப்பில் 'மேற்படி' என்ற சொல் எந்தப்படி என்று தெளிவாகாவிட்டால், அதைச் சிவப்பு மையால் சுழித்து, மேசைக்கு மேசை திரும்பி வரச்செய்வார். சபை வேலைக்கு வேண்டிய சிவப்பு மையைச் சொந்தக் காசில் வாங்குவார். அலுவலக மை அலுவலகத் தவறுகளுக்கு. சபைத் தவறுகளுக்குத் தனி பாட்டில்.

சபைக்கு ஒரு மாதப் பத்திரிகை இருந்தது. பத்திரிகை என்பது சற்றுப் பெரிய சொல். ஏலத்தில் கழித்துவிடப்பட்ட ஒரு சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் சுற்றி எடுத்து, நடுவில் தைத்த சில தாள்கள். தமிழ்த் தட்டச்சு இயந்திரம் அன்று இங்கே கண்ணில் படாது. மெழுகுத்தாளின் மேல் இரும்பு முனைப் பேனாவால் கையாலேயே கீறவேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும். நான் கிறிஸ்தவன் அல்ல என்று சொல்லிப்பார்த்தேன். "உன் கையெழுத்துக்கு ஞானஸ்நானம் வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டார். ஆகவே சனிக்கிழமை மத்தியானங்களில் அவர் வீட்டில் சாப்பாடு, பிறகு ஆலயத்துப் பின்னறையில் மெழுகுத்தாள். சாப்பாட்டில் சீலா மீன் இருந்ததால் நான் கட்டாயப்படுத்தப்பட்டேன் என்று சொல்ல முடியாது.

சுவரில் இருந்த விதிகளை இன்றும் வரிசையாகச் சொல்வேன். ஒரு பத்தியில் ஒரு ஸ்தோத்திரம் போதும். 'எண்ணற்ற ஆசீர்வாதங்கள்' என்று எழுதலாகாது. எழுதுபவருக்கு எண்ணச் சோம்பல் என்பது தேவனுக்குத் தெரியும். ஒரு கட்டுரையில் கண்ணீர் ஒரு முறைக்கு மேல் வடியலாகாது. வேத வசனத்தை எடுத்தாள்பவர் அதிகாரமும் வசன எண்ணும் தரவேண்டும். 'எங்கோ சொல்லியிருக்கிறபடி' என்பவை திருப்பப்படும். பிசாசுக்குத் தேவையான இடம் மட்டும் தருக. எழுவாய் இல்லாமல் அற்புதங்கள் நடக்கலாகாது. யார் யாருக்கு என்ன செய்தார் என்று விளங்கவேண்டும். எனக்குக் கிடைத்த அலுவலகப் பயிற்சிகள் எல்லாவற்றிலும் இதைவிட நல்ல பாடத்திட்டத்தை நான் பார்த்ததில்லை. நான் ஓய்வு பெறும்வரை எழுதிய குறிப்புகள் எதிலும் எழுவாய் தொலைந்ததில்லை. அதற்கு ஒரு சபையின் பின்னறைச் சுவர் காரணம் என்பது என் மேலதிகாரிகளுக்குத் தெரியாது.

ஏழாவது விதி மட்டும் மற்றவற்றைப்போல இலக்கணத்திலிருந்து வந்ததல்ல, ஒரு காண்டிராக்டரிடமிருந்து வந்தது. அவர் தம் வாழ்வில் தேவன் செய்த நன்மைகளைச் சாட்சியாக எழுதி அனுப்பினார். படித்துப் பார்த்தால், எந்தெந்தப் படகுத்துறைக்குச் சிமெண்ட் போட்டார், எந்த ஆலயத்துக்குத் தகரக் கூரை கொடுத்தார், எந்த அதிகாரி அவர் வீட்டில் சாப்பிட்டார் என்ற விவரங்கள். தேவன் கடைசி வரியில் வந்து நன்றி வாங்கிக்கொண்டு போனார். காண்டிராக்டர் பெயர் மட்டும் அடிக்கொரு தரம், முழு முதலெழுத்துகளோடு. படே பாபு அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, மறுவாரம் விதி சேர்த்தார்: 'எழுதுபவர் தம் பெயரையும் ஊரையும் குடும்பத்தாரையும் முன்னிறுத்தலாகாது. மகிமை தேவனுக்கே. கையொப்பம் ஒரு சகோதரன் அல்லது ஒரு சகோதரி என்று மட்டும் இருத்தல் வேண்டும்.' போதகர் இதைப் பிரசங்கத்திலேயே பாராட்டினார். சபையாருக்கும் பிடித்திருந்தது. யார் எந்தச் சகோதரி என்று ஊகித்துக்கொண்டிருப்பது ஞாயிறு மாலைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு.

எழுபதுகளின் தொடக்கத்தில், தெற்கே நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கச்சாலில் ரப்பர்த் தோட்டத்துக்கு ஆட்கள் வந்தார்கள். இலங்கையின் தேயிலை மலைகளில் தலைமுறை தலைமுறையாக உழைத்து, இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்த கணக்கின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள். குடும்ப அட்டைக்கு ஒரு இடம் என்று, அவர்கள் கரையிறங்கிய மண்டபம் முகாமில் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த முறையின் சௌகரியம் எனக்குத் தெரியும். நானும் அட்டைகளோடு வாழ்ந்தவன். அட்டைக்குள் கணவன், மனைவி, பிள்ளைகள் வருவார்கள். கல்யாணமாகி வேறு அட்டைக்குப் போய்விட்ட தங்கச்சி வரமாட்டாள்.

அப்படி வந்த ஒரு பெண் கச்சாலிலிருந்து எங்கள் பத்திரிகைக்குச் சாட்சி எழுதி அனுப்பினாள். கோடு போட்ட தாளில், பென்சிலால், மூச்சு விடாமல் எழுதியது. அவள் வேலை செய்த தோட்டத்தின் பெயர், டிவிசன், லயத்து வரிசை வீடுகளில் எத்தனையாவது வீடு, கங்காணி பெயர், அப்பா பெயர். 'அம்மா காச்சல்ல கெடந்து செத்துப்போச்சு. பீலிக்கரைக்கு மேல குழி வெட்டினோம். நான் கொய்யாக் குச்சியில வேலி கட்டினேன்' என்று ஒரு வரி. பீலி என்பது மலையில் ஊற்றுத் தண்ணீர் வந்து விழுகிற குழாய் என்பதை நானும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். 'எங்க தங்கச்சிய வீட்டுல சின்னக்குட்டின்னு கூப்பிடுவோம், பொட்டுக்கு மேல வெட்டுத் தழும்பு இருக்கு, கல்யாணங்கட்டி வேற தோட்டத்துக்குப் போச்சு, எங்களுக்குப் பொறகு கப்பலேறிச்சின்னு சொன்னாங்க' என்று இன்னொரு வரி. எல்லாவற்றுக்கும் ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருந்தாள். கொய்யாக் குச்சிக்குக்கூட.

தங்கையைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று எங்கேயும் எழுதவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. பத்திரிகையில் சாட்சிக்கு இடம் இருந்தது, ஜெபத்துக்கு இடம் இருந்தது. சொந்தக் காரியம் கேட்பதற்குப் பக்கம் இல்லை. கேட்கத் தெரியாத இடத்தில் நன்றி சொல்வது இந்தச் சபையாரின் பழக்கம். எங்கள் பத்திரிகையின் பிரதிகள் மெயின்லேண்டுக்குக் கப்பலில் போய், இவர்களைப்போல இலங்கையிலிருந்து வந்தவர்கள் குடியேறிய நீலகிரியின் சபைகளிலும் படிக்கப்பட்டன. அவளுக்கு அது தெரிந்திருந்தது. எங்கேயோ ஒரு மலையில் ஒரு தங்கை காதில் விழும்படி, தேவனைப் பார்த்துக்கொண்டு சத்தமாகப் பேசியிருந்தாள்.

படே பாபு சிவப்பு மையோடு உட்கார்ந்தார். அன்று அவர் ரசித்துத் திருத்தியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். "நல்ல மனசு தம்பி. ஆனா பூராவும் பேரும் ஊருமால்லா இருக்கு" என்றார். பெயர்கள் போயின. தோட்டம் போயிற்று. பீலியும் கொய்யாவும் தழும்பும் போயின. நான் மெழுகுத்தாளில் கீறியது இது: 'அக்கரை நாட்டிலிருந்து வந்த ஒரு சகோதரி, அன்பான உறவுகளைப் பிரிந்திருந்தும், தீவின் தனிமையில் தேவ கிருபை தம்மைத் தாங்கிவருவதை நன்றியோடு சாட்சியிடுகிறார்.' எழுவாய், பயனிலை, ஒரே ஒரு கிருபை. விதிப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது.

பத்திரிகை கப்பலேறியது. சில வாரங்கள் கழித்து, மத்தியானச் சோம்பலில் எங்கள் பியூன் வந்து, "படே பாபு, ஜஹாஸ் வந்தாச்சு, உங்களுக்கு டாக் பஹுத் ஜாதா" என்று ஒரு தபால் கட்டை மேசைமேல் வைத்தான். கோத்தகிரியிலிருந்து, கூடலூரிலிருந்து, மண்டபம் முகாமிலிருந்தே சில. எல்லாம் 'ஒரு சகோதரி, அந்தமான் தமிழ்ச் சபை' என்று முகவரியிட்டவை. கைநாட்டுக்காரர்களுக்காக வேறு யாரோ எழுதியவையும் இருந்தன. படே பாபு அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போய், சனிக்கிழமை நான் சாப்பிடப் போனபோது மேசையில் பரப்பிவைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி. நீ எங்க அக்கா தானே? நீ எங்க மதினி தானே? பர்மாவிலிருந்து நடந்து வந்தபோது பிரிந்துபோன தங்கையைத் தேடுகிற ஒரு கிழவி, திருநெல்வேலியிலிருந்து கேட்டிருந்தாள். அக்கரை என்றால் அவளுக்கு அந்தக் கரை.

சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி எட்டிப்பார்த்தார். "என்னவாம்?"

"எல்லாரும் அந்தச் சாட்சி அவங்கவங்க ஆளுதான்னு நெனைக்காங்க."

"பேரு போட்டிருந்தா ஒருத்திதான் நெனைச்சிருப்பா." ஈரக்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "மகிமை போகவேண்டிய எடத்துக்குப் போய்ட்டு. தபால் மட்டும் நம்ம வீட்டுக்கு வந்துட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

படே பாபு கடிதங்களை அகரவரிசையில் அடுக்கினார். அது அவர் கலங்கியிருக்கிறார் என்பதற்கு அடையாளம்.

தீவுகளுக்கு நடுவே ஓடுகிற அடுத்த கப்பலில் கச்சாலிலிருந்து அவளே வந்தாள். கணவனுக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கத்தி கையில் பட்டுச் சீழ் பிடித்திருந்தது; போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பின்னறைக்கு வந்து நின்றாள். நான் மறுநாள் அலுவலகத்துக்கு வேண்டிய ஒரு தாளில் படே பாபுவின் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். முப்பதைத் தாண்டாத முகம், கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்கள்.

"நான் கச்சால்ங்க ஐயா. ஒரு சாட்சி எழுதிப் போட்டேன். வந்திருச்சிங்களா?"

படே பாபு இதழை எடுத்து அவளிடம் கொடுத்தார். எந்தப் பக்கம் என்று காட்டவில்லை. அவள் சுவரோரம் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனாள். அந்தப் பக்கத்தில் நின்றாள். இரண்டு தரம் படித்தாள். பிறகு புரட்டி, கடைசித் தாள்வரைக்கும் போய், இதழை மூடினாள்.

"என்னோடது இல்லீங்க ஐயா. அடுத்ததுல வருமோ?" என்றாள். பிறகு, "ஆனா ஒரு சகோதரி எழுதியிருக்காங்க தானே, ஒறவ விட்டுட்டு வந்து தனியா இருக்காங்கன்னு. பாவம். நம்மளப் போலவே அவங்களுக்கும். அவங்க எந்தத் தீவுங்க ஐயா?"

என் முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் எத்தனையோ ஆய்வறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆசிரியரின் வேலையைப்பற்றி இதைவிடச் சுருக்கமான அறிக்கையைக் கண்டதில்லை.

"அது நீதாம்மா" என்றார் படே பாபு.

அவள் மறுபடியும் இதழைத் திறந்தாள். தன்னைத் தேடுகிறவள்போல வரிகளுக்குள் பார்த்தாள். கோபம் வரவில்லை, அச்சில் வந்த எதன்மீதும் கோபப்படுகிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. "நல்லாத்தான் இருக்குங்க" என்றாள். பிறகு விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு, "ஆனா இத வாசிச்சா அவ எப்பிடிங்க ஐயா கண்டுக்குவா? நானே கண்டுக்கல தானே" என்றாள்.

அவர் வீட்டிலிருந்து பையில் கொண்டுவந்திருந்த கடிதக் கட்டை எடுத்துக் கொடுத்தார். அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் பார்க்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒவ்வொன்றாக விரித்து, கையொப்பத்தை முதலில் பார்த்து, மடித்து, பக்கத்தில் வைத்தாள். கட்டு முடிந்தது. "இதுல அவ இல்லீங்க" என்று எல்லாவற்றையும் சேர்த்து, மூலை சரிபார்த்து, திருப்பிக் கொடுத்தாள். கூடவே, "இவங்களுக்கெல்லாம் நான் இல்லேன்னு எழுதிப் போட்டிருங்க ஐயா. பாத்துக்கிட்டே இருப்பாங்க" என்றாள்.

வேறொருவராக இருந்தால் மறுநாளே சுவரில் இருந்ததைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். படே பாபு விதியை மீறுகிறவர் அல்ல, கிழிக்கிறவரும் அல்ல. திருத்தம் வெளியிடுகிறவர். மூலத்தாளுக்குக் கீழே, அதே எண்ணில், சாய்வுக்கோடு போட்டு ஒன்று என்று குறித்து, இன்னொரு தாள் ஏறியது: 'ஏழாவது விதியில் "முன்னிறுத்தலாகாது" என்பதற்குப் பின்வருமாறு சேர்த்து வாசிக்கவும்: தேடப்படுபவரும் தேடுபவரும் நீங்கலாக.' காரணம் எதுவும் எழுதவில்லை. மன்னிப்பும் இல்லை. ஆனால் அதற்கு மேலே இருந்த கையொப்பத்தைவிட இந்தக் கையொப்பம் சிறியதாக இருந்தது.

அடுத்த இதழ் முழுக்கப் பெயர்கள். கச்சால்காரியின் சாட்சியை அவள் எழுதியபடியே, காச்சல், பீலி, கொய்யாக் குச்சியோடு கீறச் சொன்னார். ஓரிடத்தில் நான் பழக்கத்தில் 'காய்ச்சல்' என்று கீறப்போனேன். "காச்சல்" என்றார், தலை நிமிராமல். கடிதம் எழுதியவர்கள் ஒவ்வொருவருக்கும் தம் கையாலேயே பதில் போட்டு, உங்கள் தோட்டம் எது, லயம் எது, தேடுகிறவருக்கு வீட்டில் என்ன பெயர் என்று கேட்டிருந்தார். பதில்கள் வரும்வரை இதழை நிறுத்திவைத்தார்; அவையும் ஏறின. தழும்புகள், மச்சங்கள், செல்லப்பெயர்கள், மாட்டின் நிறம், வீட்டு வாசலில் நின்ற மரம். எப்படி அடுக்கினாலும் ஒரு தாளில் அடங்குகிற விஷயங்களா அவை? பத்திரிகை தடித்துப்போனது. தையல் ஊசி உடைந்தது.

போதகருக்கு வருத்தம். "இது சபைப் பத்திரிகையா, காணாமல் போனவர் அறிவிப்பா? பேரைத் தவிர இதில் ஆவிக்குரியது என்ன இருக்கிறது?" என்று வந்து நின்றார்.

"வேதத்தில பக்கம் பக்கமா வம்ச வரலாறு இருக்குல்லா ஐயா. யாருக்கு யார் மகன்னு. நாம வாசிக்காமத் தாண்டிப் போறோம், அது வேற. எழுதினவரு வெட்டலியே. வெட்டினது நான்தான்" என்றார் படே பாபு. போதகர் நல்ல மனிதர். உட்கார்ந்து தையலுக்கு நூல் பிடித்தார்.

அவள் கணவன் கை ஆறி, இருவரும் கச்சாலுக்குத் திரும்பினார்கள். இதழ் மெயின்லேண்டுக்குப் போயிற்று. ஒரு கப்பல் வந்தது, அதில் ஒன்றுமில்லை. இன்னொன்று கடல் சரியில்லாமல் தாமதமாயிற்று. படே பாபு கப்பல் வரும் நாட்களில் கோப்பில் தப்புகளைக் கவனிக்காமல் விட்டார். நாங்கள் சிலர் அந்த நாட்களுக்காகக் குறிப்புகளைச் சேர்த்துவைத்தோம் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

பிறகு கோத்தகிரியிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. முதல் முறை 'நீ எங்க அக்கா தானே' என்று எழுதி, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்ட ஒருத்திதான் வழி செய்திருந்தாள். தனக்கு யாரும் கிடைக்கவில்லை என்றாலும் இதழைக் கையோடு கொண்டுபோய், கொழுந்து மலையில் பெண்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். கொய்யாக் குச்சி வந்த இடத்தில் ஒரு பெண் கூடையை இறக்கிவைத்து, இன்னொரு தரம் வாசி என்றாளாம். கூடையை இறக்கியவள் எழுதியதை மொத்தமாக நான் நினைவில் வைத்திருக்கவில்லை. நன்றி, ஸ்தோத்திரம், அழுகை எதுவும் அதில் இல்லை என்பது நினைவிருக்கிறது. படே பாபுவின் விதிகளை அப்படிக் கடைப்பிடித்த கட்டுரை வேறு வந்ததில்லை. தொடக்கமே இதுதான்: 'அக்கா, அம்மா குழிக்கு நீ வேலி கட்டினேன்னு போட்டிருக்க. வேலி கட்டினது நான் தானே. பொய்ய எழுதி அச்சில வேற போட்டிருக்க.'

அவர் அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். கண்ணீர் ஒரு முறைக்கு மேல் வடியலாகாது என்ற விதி அவருக்கும் பொருந்துமா என்று நான் கேட்கவில்லை. கடிதத்தின் நகல் கச்சாலுக்குப் போகிற ஒரு கம்பவுண்டர் கையில் போயிற்று. மூலம் சபைக் கோப்பில்.

அடுத்து வந்த இதழின் முதல் பக்கத்தில், போதகரின் செய்திக்கும் மேலே, பெரிய எழுத்தில் கீறச் சொன்னது இது: 'பிழை திருத்தம். முன்னொரு இதழில் கச்சால் சகோதரி தம் தாயாரின் கல்லறைக்குத் தாமே வேலி கட்டியதாக எழுதியிருந்தார். கட்டியவர் தங்கை என்று தங்கையே கோத்தகிரியிலிருந்து தெரிவித்துள்ளார். தவறுக்கு வருந்துகிறோம்.' இரண்டு பேருடைய பெயரும், அப்பா பெயரோடு, ஒரே வரியில். வருந்துகிறோம் என்பதை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஆசிரியர் வேறு யாரும் இருக்க முடியாது.

தேடிய மற்றவர்களில் பெரும்பாலோர் யாரையும் கண்டடையவில்லை. அதையும் எழுதாவிட்டால் இந்தக் குறிப்பை அவர் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் ஓய்வு பெற்று, மனைவியோடு திருநெல்வேலிக்குப் போய், அங்கே ஒரு சபைப் பத்திரிகையைத் திருத்திக்கொண்டிருந்தபோது காலமானார். நானும் ஓய்வு பெற்றுப் போர்ட் பிளேரிலேயே தங்கிவிட்டேன். இப்போது எல்லோருடைய கையிலும் போன் இருக்கிறது. கச்சாலுக்கும் கோத்தகிரிக்கும் நடுவே சண்டை போட ஒரு நிமிஷம் போதும். அன்று அதற்கு ஒரு கப்பலும், ஒரு மெழுகுத்தாளும், என் கையெழுத்தும் வேண்டியிருந்தன. அந்தப் பிழை திருத்தம் வெளிவந்த பிறகு தீவுகளிலிருந்து வந்த முதல் கப்பலிலேயே கச்சாலிலிருந்து மறுப்பு வந்துவிட்டது: குச்சி வெட்டியது வேண்டுமானால் அவள், கயிறு போட்டுக் கட்டியது நான். அதுவும் அச்சேறியது. கோத்தகிரியிலிருந்து பதில் வந்தது: கயிறு ஏது, கொடியில கட்டினோம். அதுவும் ஏறியது. இதை எப்போது நிறுத்துவது என்று போதகர் கேட்டார். படே பாபு சிவப்பு மையைத் தொடாமலேயே தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, "விசாரணை நடந்துக்கிட்டு இருக்கு ஐயா, எப்படி நிறுத்த முடியும்?" என்றார். அவர் ஆசிரியராக இருந்தவரை அது முடிக்கப்படவில்லை.